மின்சார கார் சுத்தமா? எத்தனை மணிக்கு சார்ஜ் போடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

உங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். டீமில் ஒருவர் புதிதாக மின்சார கார் வாங்கியிருப்பார். ஸ்வீட் பாக்ஸை நீட்டிக்கொண்டே, "இனிமே பெட்ரோல் பங்க் பக்கமே போக வேணாம், புகையே கிடையாது" என்பார். எதிரே இருப்பவர் ஒரு பாதுஷாவை எடுத்துக்கொண்டு, "உங்க காரும் நிலக்கரியிலதான் ஓடுது பாஸ்" என்பார். அதற்குப் பிறகு லித்தியம், சீனா, டெல்லி மாசு என்று எல்லாம் வந்து போகும். யாரும் யாரிடமும் தோற்காமலேயே லஞ்ச் டைம் முடிந்துவிடும்.

இதில் சிக்கல் என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பேருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: அந்த கார் எத்தனை மணிக்கு சார்ஜ் ஆகிறது?

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இந்தியாவின் மின்சாரம் காலை 11 மணிக்கு ஒரு சரக்கு, இரவு 9 மணிக்கு வேறொரு சரக்கு. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் ஒன்றுதான். அதற்குள் வருவது நேரத்துக்கு நேரம் மாறுகிறது.

முதலில் 100 கிலோமீட்டர் கணக்கு

நகரத்தில் ஓடும் ஒரு சாதாரண பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்தால் 100 கி.மீ.க்கு ஆறேகால் லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கச்சா எண்ணெயை எடுத்து, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, லாரியில் பங்க்குக்குக் கொண்டுவரும் செலவையும் சேர்க்க வேண்டும். அதற்கு இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு. ஆக 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 17 கிலோ.

அதே அளவு மின்சார கார் 100 கி.மீ. ஓட மீட்டரில் 15 யூனிட் காட்டும். மின்நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் 15% போல இழப்பு. ஆகவே மின்நிலையத்தில் 17.5 யூனிட் உற்பத்தி செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி, நாட்டின் சராசரி மின்சாரம் யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் 12 முதல் 13 கிலோ. அதாவது பெட்ரோலைவிட கால்வாசி குறைவு.

இது என் கைக்கணக்கு. காரின் எடை, ஏசி, டிராஃபிக், நீங்கள் ஓட்டும் விதம் எல்லாவற்றையும் பொறுத்து மேலே கீழே போகும். ஆனால் திசை சரிதான். பேட்டரி தயாரிப்பில் வரும் மாசையும் சேர்த்து, வண்டியின் முழு ஆயுளுக்கும் கணக்குப் போட்ட ஆய்வு ஒன்றை இன்டர்நேஷனல் கவுன்சில் ஆன் கிளீன் டிரான்ஸ்போர்ட்டேஷன் 2021ல் வெளியிட்டது. நடுத்தர மின்சார கார் பெட்ரோல் காரைவிட இந்தியாவில் 19 முதல் 34% குறைவாக மாசு வெளியிடும் என்றது. அதே ஆய்வில் ஐரோப்பாவுக்கு 66 முதல் 69%. காரில் பெரிய வித்தியாசம் இல்லை. மின்சாரத்தில்தான் வித்தியாசம்.

இப்போது அந்த "சராசரி" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரவு 9 மணிக்கு நீங்கள் கூடுதலாக இழுக்கும் மின்சாரத்தை யார் தருவார்கள்? சூரியன் இல்லை. அணுமின் நிலையம் எப்போதும் ஒரே அளவில் ஓடுகிறது, உங்களுக்காகக் கூட்ட மாட்டார்கள். அணைத் தண்ணீர் கொஞ்சம் உதவும். மீதி நிலக்கரி. ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ. அப்படியென்றால் 100 கி.மீ.க்கு 17, 17.5 கிலோ. பெட்ரோல் காருக்குச் சரிக்குச் சரி. பாதுஷா சாப்பிட்டவர் சொன்னது இந்த நேரத்துக்குப் பொருந்துகிறது.

ஒரு இடைச்செருகல். இதே கணக்கை ஸ்கூட்டருக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால், எல்லாம் சேர்த்து 100 கி.மீ.க்கு 6 கிலோ. மின்சார ஸ்கூட்டருக்கு 3 யூனிட் போதும். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றரை கிலோ. எந்த நேரத்தில் சார்ஜ் போட்டாலும் ஸ்கூட்டர் ஜெயிக்கிறது. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பிபிஏசி 2014ல் வெளியிட்ட சர்வேயின்படி, நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61% இரு சக்கர வாகனங்களுக்குத்தான் போகிறது. நம் விவாதம் முழுக்க காரைச் சுற்றியே நடக்கிறது. 2024-25ல் விற்ற புதிய கார்களில் மின்சார கார் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்றுதான். அதே ஆண்டில் விற்ற ஆட்டோ, இ-ரிக்‌ஷா போன்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரம். மாற்றம் கீழே இருந்து வந்துகொண்டிருக்கிறது. அதை நாம்தான் கவனிக்கவில்லை. சரி, காருக்குத் திரும்புவோம்.

பகலில் மிச்சம், ராத்திரி பற்றாக்குறை

2014ல் இந்தியாவின் மொத்த சோலார் திறன் 3 ஜிகாவாட்கூட இல்லை. 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூன் மாதம், நாட்டின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது என்ற நிலை வந்தது. 2030க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. இது உண்மையான சாதனை. குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தலைப்புச் செய்தியை ஷேர் செய்தவர்கள் பலர் ஒன்றைக் கவனிக்கவில்லை. நிறுவு திறன் என்பது ஓட்டப் பந்தய வீரரின் உச்ச வேகம் மாதிரி. சோலார் தகடு ராத்திரி ஓடாது, மழை மேகத்தில் நொண்டும். ஆண்டு முழுவதும் உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை எண்ணினால் இன்னும் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

ஒரு கோடை நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை 7 மணிக்கு சோலார் எழுந்திருக்கும். 12 மணிக்கு உச்சியில் நிற்கும். மாலை 4 மணிக்குச் சரிய ஆரம்பித்து, 6:30க்கு பூஜ்ஜியம். சரியாக அந்த நேரத்தில்தான் வீடுகளில் லைட், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, டிவி எல்லாம் உயிர் பெறுகின்றன. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பல பத்து ஜிகாவாட் சோலார் இறங்க, அந்த இடத்தை வேறு யாராவது நிரப்ப வேண்டும்.

நிரப்புவது அனல் மின்நிலையங்கள். அவற்றை ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் செய்ய முடியாது. அணைத்த பாய்லரைச் சூடாக்கி மறுபடி கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். அதனால் மாலைக்குத் தேவைப்படும் நிலையங்களைப் பகலிலும் சிம்மில் வைத்து ஓட்டுகிறார்கள். அந்த சிம்முக்கு ஓர் எல்லை உண்டு. 2023ல் மத்திய மின்சார ஆணையம் போட்ட விதி, நிலக்கரி யூனிட்டுகள் 55% வரை இறங்கத் தயாராக இருக்க வேண்டும் என்கிறது. பிறகு படிப்படியாக 40% வரை. அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆக, வெயில் கொளுத்தும் மதியத்திலும் நிலக்கரி ஓரமாக எரிந்துகொண்டேதான் இருக்கிறது. தேவை குறைவாக இருக்கும் நாளில் இடம் விட வேண்டியது சோலார்தான்.

இது சந்தை விலையில் அப்படியே தெரியும். 2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்சாரப் பரிமாற்றச் சந்தையில் பகல் நேரத்து விலை பூஜ்ஜியத்தைத் தொட்டது. மழையால் வெயில் தணிந்த கோடை, விடுமுறை நாள், ஓடாத தொழிற்சாலைகள். வாங்க ஆள் இல்லை. கோடைகால மாலைகளில் அதே சந்தையில் விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பில் போய் முட்டுவதும் உண்டு.

ராஜஸ்தான் கதை கொஞ்சம் வேறு. 2025ல் அங்கே பல சோலார் நிலையங்களை உச்சி நேரத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். அங்கே பிரச்னை கம்பி. தகடு பதிக்க ஒன்றரை, இரண்டு ஆண்டு போதும். பாலைவனத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் உயர் அழுத்த மின்பாதைக்கு நிலம், அனுமதி என்று அதைவிட நெடுநாள் ஆகிறது. பெங்களூரில் நீங்கள் மதியம் சார்ஜ் போடுவதால் பாட்லாவில் தேங்கும் மின்சாரம் வந்துவிடாது. இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு பக்கம், மத்திய அரசு நிறுவனங்கள் ஏலம் விட்டு முடித்த பசுமை மின் திட்டங்களில் 40 ஜிகாவாட்டுக்கு மேல், மின் வாரியங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் நிற்பதாக 2025ல் தெரியவந்தது. காரணங்கள் பல. அதில் முக்கியமானது, பகலில் மட்டும் வரும் மின்சாரம் மின் வாரியங்களுக்கு வேண்டாம் என்பது. மாலைக்குத் தருவதாக இருந்தால் பேசலாம் என்கிறார்கள். பகலில் தேவை ஏறினால்தான் அடுத்த சோலார் திட்டத்துக்கு ஆள் கிடைப்பார்கள்.

மாலையில் தேவை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2031-32க்குள் குறைந்தது 80 ஜிகாவாட் புதிய நிலக்கரித் திறன் தேவை என்று மத்திய அரசு 2023லேயே சொல்லிவிட்டது. ஓர் அனல் மின்நிலையம் கட்டினால் 25 ஆண்டு, 40 ஆண்டு ஓடும். இன்று மாலை 8 மணிக்கு லட்சக்கணக்கான கார்கள் ஒன்றாக பிளக்கில் மாட்டினால், அது இன்றைய புகைக் கணக்கு மட்டுமல்ல. 2050ல் எந்தப் புகைபோக்கி எரிய வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறோம். சத்தீஸ்கரின் கோர்பாவிலோ மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியிலோ குடியிருப்பவர்கள் அந்தச் சாம்பலை மூச்சில் வாங்குவார்கள். டெல்லியில் ஒரு பெட்ரோல் கார் குறைந்தால் டெல்லிக் குழந்தைக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. கோர்பாக் குழந்தையின் கணக்கு நம் சாப்பாட்டு மேசையில் வருவதில்லை, அவ்வளவுதான்.

"என் வீட்டு மொட்டை மாடியில் சோலார் இருக்கே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். சொந்த வீடு இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டிய திட்டம்தான்.

ஆனால் மாடியில் தகடு, கீழே மின்சார கார், "நான் சூரியனில் ஓட்டுகிறேன்" என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: கார் பகலில் எங்கே இருக்கிறது? ஆபீஸில். மாடித் தகடு பகலில் உற்பத்தி செய்ததை கிரிட்டுக்கு விற்றுவிடுகிறது. ராத்திரி கார் வீட்டுக்கு வந்ததும் கிரிட்டிலிருந்து எடுக்கிறது. நெட் மீட்டரிங் பில்லில் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்ஜியம் காட்டும். பில் பூஜ்ஜியம், சரி. ஆனால் காரின் பேட்டரிக்குள் போனது ராத்திரி மின்சாரம். மதியம் நீங்கள் அனுப்பிய யூனிட்டும் ராத்திரி வாங்கிய யூனிட்டும் ஒன்றே என்று மீட்டர் நினைக்கிறது. மின்தொகுப்பு அப்படி நினைப்பதில்லை.

அதற்காகத் தகடு வீண் என்று இல்லை. உங்கள் மதிய உற்பத்தி எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் நிலக்கரியைக் குறைக்கும். சொல்ல வருவது, "சூரியனில் ஓடும் கார்" என்பது பில்லில் மட்டும் இருக்கும் ஒரு பொருள்.

நம்மில் பெரும்பாலானோருக்கு அந்த பாக்கியமும் கிடையாது. பெங்களூர், ஹைதராபாத், புனே, குருகிராம் என்று வாடகை ஃபிளாட்டில் இருப்பவருக்கு மொட்டை மாடி சொந்தமில்லை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது: அதே சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் மானியம் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கு, மின் வாகன சார்ஜிங் உட்பட, கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பார்க்கிங் தகராறுக்கு நடுவே இதையும் எடுத்துப் போடலாம்.

"பெரிய பேட்டரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களும் உண்டு. பகல் மின்சாரத்தைச் சேர்த்து மாலையில் கொடுக்கும் பேட்டரி நிலையங்களின் ஏல விலை வேகமாக இறங்கி வருவது உண்மை. பம்ப் செய்து தண்ணீரை மேலே ஏற்றி வைக்கும் முறையும் புதிதல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. ஆனால் பேட்டரிக்கான செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகின்றன. உள்நாட்டில் 50 ஜிகாவாட் அவர் செல் தொழிற்சாலைகள் அமைக்க 18,100 கோடி ரூபாயில் 2021ல் கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டம் மெதுவாகவே நகர்கிறது. ஜம்முவின் ரியாசியில் லித்தியம் இருப்பதாக 2023ல் கொண்டாடினோம்; சுரங்க ஏலத்துக்குப் போதிய ஆள் வரவில்லை. சேமிப்பு வரும், ஆனால் வரும் வரை உங்கள் கார்தான் உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பேட்டரி. ஒரு 40 யூனிட் பேட்டரியை எந்த நேரத்தில் நிரப்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

விலை என்ன சொல்கிறது?

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். பகலில் எட்டு மணி நேரத்தை "சூரிய நேரம்" என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் குறிக்க வேண்டும். அந்த நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20% குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் அதிகம். விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் 1 முதல். ஆனால் உங்கள் வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் இது பொருந்தும். 25 கோடி மீட்டர் என்ற இலக்கில் 2025 முடியும்போது பாதிகூட வந்து சேரவில்லை. ஆக, பெரும்பாலான வீடுகளுக்கு மதியம் 12 மணி யூனிட்டும் இரவு 9 மணி யூனிட்டும் இன்றும் ஒரே விலைதான். நேரம் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய பில்லே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2024 செப்டம்பரில் மின் அமைச்சகம் தந்த வழிகாட்டுதல் இன்னும் தெளிவானது. காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி விநியோகச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. கேரளம் இதைப் பின்பற்றி 2025 ஏப்ரலில் நேர வாரியான விலையைக் கொண்டுவந்தது. மாலை 4 மணிக்குப் பிறகு ஹைவேயில் சார்ஜ் போட்டவர்கள் பில்லைப் பார்த்து அலறினார்கள். அந்தக் கோபம் நியாயம்தான், ஊருக்குப் போகிறவர் சூரியனைப் பார்த்தா கிளம்ப முடியும்? ஆனால் விலை அங்கே சொன்னது பொய் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2025 ஜூலை முதல் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குப் பகல் நேரத்தில் தள்ளுபடி தருகிறார்கள். தண்டனையைவிட இது சாதுரியமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கார் பகல் முழுக்க எங்கே நிற்கிறது?

உங்கள் ஆபீஸ் பேஸ்மென்ட்டில். காலை 9:30க்கு நுழைந்து மாலை 6:30 வரை, சூரியன் உச்சியில் இருக்கும் ஒன்பது மணி நேரமும் சும்மா நிற்கிறது. பிறகு டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வந்து, நாட்டிலேயே மின்சாரம் கிடைக்கச் சிரமமான நேரத்தில் பிளக்கில் மாட்டப்படுகிறது. இதைவிடத் தலைகீழாக ஒரு ஏற்பாட்டை யோசித்துச் செய்தாலும் செய்ய முடியாது.

ஆபீஸில் சார்ஜர் என்றதும் நிர்வாகம் பயப்படுவது பெரிய ஃபாஸ்ட் சார்ஜரை நினைத்து. அது தேவையே இல்லை. தினமும் போக வர 35 கி.மீ. என்றால் செலவாவது ஐந்தரை யூனிட் போலத்தான். ஏசி பாயின்ட் மாதிரியான சாதாரண 3.3 கிலோவாட் பிளக்கில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். ஒரு பாயின்ட்டை நாளொன்றுக்கு மூன்று நான்கு கார்கள் பங்கு போடலாம். தேவை ஒரு தனி மீட்டர், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க ஓர் ஆப், முறையான வயரிங், எர்த்திங். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஸ்கூட்டருக்கு இதைக் கேட்டேன். "பாலிசி இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதே பேஸ்மென்ட்டில் சும்மா நின்ற காபி மெஷின் நாள் முழுக்கச் சூடாகிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் மனது வைக்கும் வரை வீட்டில்தான் என்றால், வரிசை இதுதான். மோசமான நேரம் மாலை 6:30 முதல் இரவு 11 வரை. நள்ளிரவுக்குப் பிறகு போட்டால் எரிவது அப்போதும் பெரும்பாலும் நிலக்கரிதான், ஆனால் புதிதாக ஒரு நிலையம் கட்டச் சொல்லும் உச்சத்தில் நீங்கள் சேர மாட்டீர்கள். காரின் ஆப்பிலேயே டைமர் இருக்கும், பாருங்கள்.

அதைவிட நல்லது ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை, ஆபீஸ் தேவை குறைந்து, சோலார் மிஞ்சும் நாள். தினம் 35 கி.மீ. என்றால் ஐந்து வேலை நாளுக்கு 175 கி.மீ., சுமார் 26 யூனிட். வீட்டில் இருக்கும் அதே 3.3 கிலோவாட் பிளக்கில் எட்டு மணி நேரம். காலை டிபனை முடித்துவிட்டு 8 மணிக்கு மாட்டினால், மதியச் சாப்பாட்டுத் தூக்கம் கலைந்து மாலை 4 மணிக்கு எழும்போது அந்த வாரத்துக்கான சார்ஜ் ஏறி முடிந்திருக்கும்.